ஹாலுக்கு எந்த புரொஜெக்டர்: 14 ஆயிரமா, 60 ஆயிரமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான். மடிப்பாக்கத்தில் வாடகை வீடு. ஹால் 11 அடிக்கு 16 அடி. எல்லாம் சேர்த்து 90 ஆயிரம் வரை செலவு செய்யலாம். ஆன்லைனில் 4கே படக்கூர்மை, 9000 லூமென் வெளிச்சம் என்று போட்டு 14 ஆயிரத்துக்கு ஒரு புரொஜெக்டர் கிடைக்கிறது. கடைக்குப் போனால் 60 ஆயிரத்துச் சொச்சத்துக்கு வெறும் 1080பி, 3400 லூமென் என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். பாதிகூடத் தராததற்கு நாலு மடங்கு விலை எதற்கு என்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்களே, "ராத்திரி படம், சனி ஞாயிறு மேட்ச், மத்த நேரம் அம்மாவுக்கு சீரியல்" என்று, எந்தப் பெட்டி வாங்குவது என்பதை முடிவு செய்யப்போவது அந்த வரிதான்.

சென்னையில் பல வருடமாக வீடுகளிலும் பள்ளிகளிலும் புரொஜெக்டர் மாட்டிக்கொடுக்கிற வேலை செய்கிறேன். அதனால் எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை நிச்சயமாகச் சொல்கிறேன். ஆளுக்கு ஆள், வீட்டுக்கு வீடு மாறுவதை அப்படியே பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் அந்த 9000. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அது திரையில் விழுகிற வெளிச்சத்தின் அளவு கிடையாது. திரையை ஒன்பது கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் வெளிச்சத்தை அளந்து சராசரி எடுப்பதுதான் ஆன்சி லூமென். ஐஎஸ்ஓ லூமென் என்று போட்டிருந்தாலும் ஏறக்குறைய அதே முறைதான். இந்த இரண்டு வார்த்தைகளும் இல்லாமல் வெறுமனே லூமென் என்றோ எல்இடி லூமென் என்றோ போட்டிருந்தால், உள்ளே இருக்கிற விளக்கின் கணக்கைச் சொல்கிறார்கள், அல்லது வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்கள். பெட்டியின் பின்னால் எத்தனை வாட் என்று ஒட்டியிருப்பார்கள், அதைப் பாருங்கள். 100 வாட் என்று இருக்கும். மற்றவை போக விளக்குக்கு 60, 70 வாட் மிஞ்சும். அந்த எல்இடி தாராளமாக 8000 லூமென் தருகிறது என்றே வைத்துக்கொள்வோம். இந்த வகைப் பெட்டியில் படத்தை உருவாக்க ஒற்றை எல்சிடி தகடுதான் இருக்கும். அதன் முன்னால் உள்ள போலரைசர் என்ற ஒளிவடிகட்டி பாதி வெளிச்சத்தை விழுங்கிவிடும். சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொள்ளும். அப்புறம் புள்ளிகளுக்கு நடுவே உள்ள கம்பிச் சட்டம், லென்ஸ். கடைசியில் திரைக்கு வந்து சேர்வது 200, 300 லூமென். அடுத்து, லாம்ப் வைத்த 3400 லூமென் புரொஜெக்டரின் வாட் அளவைப் பாருங்கள், 300 பக்கம் இருக்கும். 100 வாட்டில் ஒருவன் அதைப்போல இரண்டரை மடங்கு வெளிச்சம் தருகிறான் என்றால் அவன் விற்க வேண்டியது புரொஜெக்டரை இல்லை. அமெரிக்காவில் இந்த லூமென் புளுகுக்காகவே எப்சான் சில நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டிருக்கிறது.

அந்த 4கே-யும் அதே ரகம். 4கே சிக்னல் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் தகடு 1920-க்கு 1080 ஆகவோ, சில சமயம் 1280-க்கு 720 ஆகவோ இருக்கும். 'நேட்டிவ் ரெசல்யூஷன்' என்ற வரியைத் தேடிப் படியுங்கள். அந்த வரியே இல்லையென்றால் அடுத்த பொருளுக்குப் போய்விடலாம். இன்னொன்று, இந்த விலைப் பெட்டிகள் பலவற்றில் ஒளி போகும் பாதை மூடப்பட்டிருக்காது. ஃபேன் இழுக்கிற காற்றோடு நம் ஊர்த் தூசியும் உள்ளே போய்த் தகட்டில் உட்காரும். கொஞ்ச நாளில் படத்தில் சாம்பல் நிறப் பொட்டுகள் தெரியும். சூட்டில் போலரைசர் கெட்டால் படத்தின் நடுவில் டீ சிந்தின மாதிரி ஒரு மஞ்சள் திட்டு வரும். வெள்ளை வேட்டி கட்டிய ஆள் நடுவில் வந்து நின்றால்தான் அது கண்ணில் படும், ஒருமுறை பட்டுவிட்டால் அப்புறம் வேறெதுவும் தெரியாது.

இனி 3400. இதுவும் முழுசாகக் கிடைக்காது, ஆனால் இதில் எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட முடியும். அந்த 3400 என்பது 'பிரைட்' அல்லது 'டைனமிக்' மோடில் வருவது. அதில் முகமெல்லாம் பச்சை தட்டும், யாரும் படம் பார்க்க முடியாது. சினிமா மோடுக்கு மாற்றினால் 1800, 2000 என்று இறங்கும். லாம்ப் பழசாக ஆக இன்னும் குறையும். லாம்புக்குப் போடுகிற ஆயுள் மணிக்கணக்கே வெளிச்சம் பாதியாகிற வரைக்குமானதுதான். ஆக, கொஞ்சம் ஓடிய பிறகு 1200 என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 இன்ச் திரை என்பது 7 அடி 3 இன்ச் அகலம், 4 அடி 1 இன்ச் உயரம். பரப்பு கிட்டத்தட்ட 30 சதுர அடி. 1200-ஐ 30-ஆல் வகுத்தால் 40 ஃபுட் லேம்பர்ட், திரையின் பளிச்சை அளக்கும் அலகு அது. தியேட்டர்களின் டிஜிட்டல் திரைக்கு வகுத்திருக்கும் அளவு 14. அதாவது இருட்டில் உங்களுக்குத் தாராளம், ஓரமாக ஒரு விளக்கு எரிந்தாலும் தாங்கும். 14 ஆயிரம் ரூபாய் பெட்டி புதிதாக இருக்கும்போதே இதே திரையில் 8, 10 என்றுதான் வரும். கும்மிருட்டில் பார்க்கலாம். வீட்டில் ஒருவர் சமையலறை லைட்டைப் போட்டால் போச்சு.

இங்கே ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. வெளிச்சத்தைத்தான் வீச முடியும். விளக்கு எரிகிற ஹாலில் ஸ்கிரீன் எவ்வளவு வெள்ளையாகத் தெரிகிறதோ, அதுதான் உங்கள் படத்தின் அதிகபட்சக் கறுப்பு. இரவுக் காட்சியில் ஹீரோ முகம் தெரியாமல் சாம்பல் புகையாக இருப்பதற்குப் பாதிக் காரணம் புரொஜெக்டர் இல்லை, ஹால். நம் அபார்ட்மென்ட்களில் சுவர் வெள்ளை, சீலிங் வெள்ளை, தரையில் பளபளக்கும் டைல்ஸ். ஜன்னலை மூடினாலும் திரையிலிருந்து தெறிக்கிற வெளிச்சமே சுவரில் பட்டு மறுபடி திரைக்கு வரும். வாடகை வீட்டில் சுவருக்குக் கறுப்புப் பெயின்ட் அடிக்கவா முடியும்? ஆனால் ஜன்னலுக்கு நல்ல பிளாக்அவுட் துணி, திரைக்கு முன்னால் தரையில் அடர்நிறக் கார்ப்பெட் ஒன்று, இரண்டும் போட்டாலே வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். 60 ஆயிரம் புரொஜெக்டருக்குப் பதில் 80 ஆயிரம் புரொஜெக்டர் வாங்குவதைவிட, 60-ஐயே வாங்கி ஐந்தாயிரத்துக்குத் திரைச்சீலை போடுவது மேல் என்று நான் அடித்துச் சொல்வேன்.

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். ராத்திரி படம், பிரச்சினை இல்லை. ஐபிஎல் மேட்ச் 7.30-க்கு ஆரம்பித்தால் அதுவும் சரி, ஏப்ரலில் இங்கே ஆறரைக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடுகிறது. சனி ஞாயிறு 3.30 மேட்ச்தான் தகராறு. உங்கள் ஹால் ஜன்னல் மேற்குப் பார்த்ததா என்று நீங்கள் சொல்லவில்லை. மேற்கு ஜன்னலாக இருந்து துணியும் போடாவிட்டால் 3400 லூமென் இல்லை, அதற்கு மேல் போனாலும் பச்சைத் தரை வெளுத்துத்தான் தெரியும். பகல் மேட்ச்தான் உங்களுக்கு முக்கியம் என்றால் புரொஜெக்டரை மறந்துவிட்டு அந்தப் பணத்துக்கு 65 இன்ச் டிவி வாங்குங்கள், கூச்சப்படாமல் சொல்கிறேன். ராத்திரிதான் அதிகம் என்றால், 100 இன்ச் திரையின் பரப்பு 65 இன்ச் டிவியைப்போல 2.4 மடங்கு. அந்தச் சுகம் வேறு.

அம்மாவின் சீரியலை மட்டும் புரொஜெக்டர் தலையில் கட்டாதீர்கள். தினம் ஐந்து மணி நேரம் என்றால் வருடத்துக்கு 1800 மணி நேரத்துக்கு மேல். லாம்புகளுக்குச் சாதாரண மோடில் 4000, 5000 மணி நேரம், ஈகோ மோடில் அதற்கு மேல் என்று போட்டிருப்பார்கள். மூன்று வருடத்துக்குள் புது லாம்ப் செலவு வந்து நிற்கும். இருக்கிற டிவி அதே இடத்தில் இருக்கட்டும், ஸ்கிரீன் அதற்கு முன்னால் இறங்குகிற மாதிரி மாட்டிக்கொள்ளலாம்.

லாம்பா, எல்இடியா, லேசரா? உங்கள் பட்ஜெட்டில் லேசர் கஷ்டம். எல்இடி விளக்கும், நுண்ணிய கண்ணாடிகளால் படம் காட்டும் டிஎல்பி சிப்பும் வைத்து, ஆண்ட்ராய்டோடு வருகிற சின்ன பிராண்டட் பெட்டிகள் உண்டு, அவை பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. 400, 800 ஆன்சி லூமென் என்று இருப்பதை இருக்கிறபடி போடுவார்கள். படுக்கையறையில் 80 இன்ச்சுக்கு அருமையானவை. உங்கள் ஹாலுக்கு, மேட்ச் பார்க்க நாலு பேர் வருகிற இடத்துக்கு, எனக்குத் திருப்தியில்லை. எல்இடி, லேசர் விளக்குகளுக்கு 20,000, 30,000 மணி நேரம் என்று போடுவது நிறுவனங்கள் சொல்கிற கணக்கு. நான் மாட்டிய எந்த வீட்டிலும் அவ்வளவு ஓடி முடிந்து நான் பார்த்ததில்லை, அதனால் அதை நம்பிக் கூடுதல் பணம் கொடுங்கள் என்று சொல்ல மாட்டேன்.

டிஎல்பியா 3எல்சிடியா என்பதில் பாதி நிச்சயம், பாதி உங்கள் கண். 3எல்சிடியில் நிறத்துக்கு ஒன்றாக மூன்று தகடுகள், அதனால் மூன்று நிறமும் ஒரே நேரத்தில் திரைக்கு வருகின்றன, வெள்ளைக்கு என்ன லூமெனோ நிறங்களுக்கும் அதே லூமென். ஒற்றைச் சிப் டிஎல்பியில் நிறச்சக்கரம் சுழன்று ஒன்றன்பின் ஒன்றாக நிறம் வருகிறது. பல மாடல்களில் அந்தச் சக்கரத்தில் ஒரு வெள்ளைத் துண்டும் இருப்பதால் வெள்ளை பளிச்சென்றும் நிறம் அந்த அளவுக்கு இல்லாமலும் இருக்கும். பதிலுக்கு டிஎல்பியில் எழுத்து நறுக்கென்று இருக்கும், சிப் பகுதி மூடியிருப்பதால் தூசித் தொல்லையும் குறைவு. 3எல்சிடியில் ஏர் ஃபில்டரை நீங்கள்தான் கழற்றித் தட்ட வேண்டும், மெயின் ரோட்டு வீடென்றால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது. இதெல்லாம் நிச்சயம். டிஎல்பியில் சிலர் கண்ணுக்கு வானவில் தெரியும், சிலருக்குத் தெரியவே தெரியாது. உங்களுக்குத் தெரியுமா என்று என்னால் சொல்ல முடியாது. கடையில் ஒரு இருட்டுக் காட்சியில் வெள்ளை சப்டைட்டில் ஓடவிட்டு, பார்வையை இடதும் வலதுமாகச் சட்டென்று ஓட்டிப் பாருங்கள். எழுத்தோரம் சிவப்பும் பச்சையும் தெறித்தால் டிஎல்பி உங்களுக்கு ஒத்துவராது. வீட்டில் எல்லோரையும் கூட்டிப்போய்ப் பார்ப்பது நல்லது, ஒருவருக்குத் தெரிந்தாலும் தினமும் தலைவலிப் பஞ்சாயத்துதான்.

1080பி குறைவோ என்று மனசு உறுத்த வேண்டாம். 100 இன்ச் திரையை 13 அடி தள்ளி உட்கார்ந்து பார்த்தால், 1080பியின் ஒரு புள்ளி சாதாரணப் பார்வை பிரித்தறியக்கூடிய எல்லையில் இருக்கிறது. உங்கள் 16 அடி ஹாலில் சோபா எப்படியும் 12, 13 அடியில்தான் வரும். 10 அடிக்கு நெருங்கினால் 4கே-யின் பலன் தெரியும். அந்த 4கே-யும் பல புரொஜெக்டர்களில் 1080பி சிப்பே ஒரு கணத்துக்குள் நாலு இடம் நகர்ந்து காட்டுவதுதான், ஆனால் அது ஏமாற்று இல்லை, படம் நிஜமாகவே கூர்மையாக இருக்கும். விலை பொதுவாக ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும், அதுதான் இடிக்கிறது. 120 இன்ச் ஆசையும் வேண்டாம். பரப்பு 44 சதவீதம் கூடும், அதற்கேற்ப வெளிச்சம் நீர்த்துப்போகும்.

இனி யாரும் முன்கூட்டியே யோசிக்காத விஷயம், சீலிங் ஃபேன். புரொஜெக்டருக்கு 'த்ரோ ரேஷியோ' என்று ஒன்று போட்டிருப்பார்கள். திரை அகலத்தை அதால் பெருக்கினால் எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும் என்று வரும். 1.2 என்றால் 100 இன்ச்சுக்கு 8 அடி 9 இன்ச். 1.5 என்றால் 11 அடி. உங்கள் ஹாலின் நடுவில், திரையிலிருந்து 8 அடி தூரத்தில், ஃபேன் தொங்குகிறது. இறக்கை இந்தப் பக்கம் 2 அடி, அந்தப் பக்கம் 2 அடி. அதாவது 6-லிருந்து 10 அடி வரை ஃபேன் ராஜ்ஜியம், புரொஜெக்டருக்கான இடமும் சரியாக அங்கேதான். சீலிங்கோடு ஒட்டி ஃபேனுக்குப் பின்னால் மாட்டினால் இறக்கை ஒளியை வெட்டி வெட்டிப் படம் படபடக்கும். ஃபேனை நிறுத்திவிட்டு மே மாதம் படம் பார்க்க முடியுமா? அதனால் 1.5 பக்கம் ரேஷியோ உள்ளதாகப் பார்த்து, 11 அடியில், இறக்கைக்குக் கீழே வருகிற மாதிரி ஒன்றரை, இரண்டடிக் குழாயில் தொங்கவிட வேண்டும். ஹவுஸ் ஓனர் சீலிங்கில் துளை போட விடமாட்டார் என்றால் சோபாவுக்கு முன்னால் தாழ்ந்த ஸ்டூலில் வைப்பதுதான் வழி. சத்தம் காதுக்குப் பக்கத்தில் கேட்கும், குழந்தைகள் குறுக்கே ஓடுவார்கள், அதைச் சகித்துக்கொள்ள வேண்டும். எப்படி மாட்டினாலும் லென்ஸ் திரையின் நடுக்கோட்டுக்கு நேராக இருக்கட்டும். ஓரத்தில் வைத்துவிட்டு, கோணலை நேராக்குகிற கீஸ்டோன் வசதியால் சரிசெய்துகொள்ளலாம் என்று சொல்வார்கள். செய்யலாம், ஆனால் அது தகட்டின் ஓரப் புள்ளிகளை அணைத்துப் படத்தைச் சுருக்குகிற வேலை. பெட்டியை அசைக்காமல் லென்ஸை மட்டும் நகர்த்துகிற லென்ஸ் ஷிஃப்ட் இருந்தால் அந்த நஷ்டமில்லை, உங்கள் விலையில் அது பெரும்பாலும் கிடைக்காது.

ஸ்கிரீனுக்கும் ஃபேன்தான் எதிரி. சுருட்டி இழுக்கிற ஸ்கிரீன் ஃபேன் காற்றில் அலையும், கேமரா பக்கவாட்டில் நகரும்போது ஆட்டம் தெரியும். இடம் இருந்தால் சட்டத்தில் இழுத்துக் கட்டிய நிலையான ஸ்கிரீன் நல்லது. டிவிக்கு முன்னால் இறக்க வேண்டியிருப்பதால் உங்களுக்குச் சுருட்டுவதுதான் வழி என்றால், கீழ்க்கட்டை கனமானதாகப் பார்த்து வாங்குங்கள். சாதாரண மேட் வெள்ளை, கெயின் (திரை வெளிச்சத்தைத் திருப்பித் தரும் அளவு) 1.0 போதும். பக்கவாட்டு வெளிச்சத்தைத் தடுக்கும் ஏஎல்ஆர் ஸ்கிரீன் நல்ல பொருள்தான், நல்லதை வாங்கினால் பட்ஜெட்டில் பெரும்பங்கை அதுவே தின்றுவிடும்.

சவுண்டுக்கு ஏதாவது மிச்சம் வையுங்கள், புரொஜெக்டரில் இருக்கும் ஸ்பீக்கர் மேட்ச் கமென்டரிக்குத்தான் லாயக்கு. ப்ளூடூத்தில் இணைத்தால் உதடும் குரலும் பொருந்தாமல் போகலாம், வயர் போடுங்கள். எச்டிஎம்ஐ வயர் 10 மீட்டருக்கு மேல் போனால் சாதாரண வயர் சண்டித்தனம் செய்யும், ஃபைபர் வகை வாங்க வேண்டும். ஓடிடிக்கு ஒரு ஸ்டிக் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், புரொஜெக்டருக்குள் இருக்கும் ஆண்ட்ராய்டை நம்ப வேண்டாம். மலிவு மாடல்கள் பலவற்றில் நெட்ஃபிளிக்ஸ் உரிமம் இருக்காது. கரன்ட் போகிற ஏரியா என்றால் ஒரு சின்ன யுபிஎஸ் அவசியம், சூடான லாம்பின் ஃபேன் திடீரென்று நிற்பது அதற்கு நல்லதில்லை. மழைக்காலத்தில் மாதக்கணக்கில் போடாமல் வைத்தால் லென்ஸில் பூஞ்சை வரும் என்பார்கள். கடற்கரைப் பக்க வீடுகளில் நான் பார்த்திருக்கிறேன், மடிப்பாக்கத்தில் அந்த அளவுக்கு வருமா என்பது அறையின் ஈரத்தைப் பொறுத்தது. வாரம் ஒருமுறை ஓட்டினால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

என் கணக்கில் உங்கள் 90 ஆயிரம் இப்படிப் போக வேண்டும்: 60-லிருந்து 65 வரை 1080பி லாம்ப் புரொஜெக்டருக்கு, மிச்சம் ஸ்கிரீன், திரைச்சீலை, மாட்டுகிற செலவு, ஒரு சுமாரான சவுண்ட்பார். மாடல் எண் சொல்லாததற்குக் காரணம், நான் சொல்வது அடுத்த மாதம் கடையில் இல்லாமல் போகும். எப்சான், பென்க்யூ, வியூசோனிக், ஆப்டோமா, இந்த நாலுக்குள் பாருங்கள், சென்னையில் சர்வீஸ் எங்கே, புது லாம்ப் என்ன விலை என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் புரொஜெக்டருக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, அதற்கு முந்தைய விலைப்பட்டியலைக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் மலிவாக வரும் பழைய ஆபீஸ் புரொஜெக்டர்களில் 1024-க்கு 768, 4:3 வகை நிறைய. படத்துக்கு அது உதவாது, லாம்ப் எத்தனை மணி நேரம் ஓடியது என்ற கணக்கையும் திருப்பி வைக்க முடியும்.

எதை வாங்கினாலும் சீரியல் எண் பில்லில் எழுதியிருக்க வேண்டும், வாரன்டி அதை வைத்துத்தான். லாம்புக்கு மட்டும் வாரன்டி தனி, குறைவாக இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் திருப்பித் தருகிற கெடு முடிவதற்குள் முழு வெள்ளை, முழுக் கறுப்பு, முழுச் சாம்பல் என்று மூன்று படங்களை 100 இன்ச்சில் போட்டு, கிட்டப்போய்ப் பாருங்கள். செத்த புள்ளி, தூசிப் பொட்டு, ஒரு மூலையில் மட்டும் நிறம் மாறுவது எல்லாம் அதில் தெரிந்துவிடும். நாலு மூலையிலும் எழுத்து ஒரே மாதிரி ஃபோகஸ் ஆகிறதா என்றும் பாருங்கள். ஒரு மூலை மங்கினால் முதலில் புரொஜெக்டர் திரைக்கு நேராக இருக்கிறதா என்று சரிபாருங்கள், நேராக வைத்தும் மங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் அந்த மேற்கு ஜன்னல் விஷயத்தை மட்டும் எழுதுங்கள், திரைச்சீலைக்கு ஒற்றைத் துணி போதுமா, இரட்டை வேண்டுமா என்று சொல்கிறேன்.